பிரெஞ்சு வினைச்சொல் 'சேன்ஜே': பிறப்பும் பொருள்களும்

கேள்வி: பிரெஞ்சு மாணவி

அனைவருக்கும் வணக்கம். பயிற்சிக்காகச் சில பிரெஞ்சுச் சிறுகதைகளைத் தமிழில் பெயர்த்துவருகிறேன். அவற்றில் ஒரே வினைச்சொல் மூன்று இடங்களில் வந்து, மூன்றிலும் என்னைத் தடுமாற வைக்கிறது. எழுத்துக் கூட்டினால் எஸ், ஐ, என், ஜி, இ, ஆர் என்று, ஆங்கிலத்தில் பாடகரைக் குறிக்கும் சொல்லைப் போலவே வரும். ஆனால் பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சில் இதன் ஒலிப்பு ஏறத்தாழ 'சேன்ஜே'.

முதல் இடத்தில், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியவுடன் ஒரு சிறுவன் அவருடைய நடையைச் 'சேன்ஜே' செய்கிறான். இரண்டாவது இடத்தில், ஒரு கடைக்காரரின் மனைவி பிரபுக் குடும்பத்துப் பெண்களின் பேச்சையும் உடையையும் அவ்வாறு செய்கிறாள். மூன்றாவது இடத்தில், சொத்துக்காகக் காத்திருந்த மருமகன் ஒருவன் மாமனாரின் சாவு வீட்டில் துக்கத்தையே 'சேன்ஜே' செய்கிறான். என்னிடமுள்ள அகராதி 'பின்பற்றுதல்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. துக்கத்தை எப்படிப் பின்பற்றுவது?

என்னோடு படிக்கும் ஒருவர், 'ஒத்த' என்று பொருள்படும் 'சிமிலிஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது என்றும், ஒத்துச் செய்தல் என்ற பொருள் அதனால்தான் அமைந்தது என்றும் உறுதியாகக் கூறுகிறார். அது சரியா? 'இமிதே' என்ற பொதுவான வினை இருக்கும்போது இந்தச் சொல்லை எப்போது ஆளுகிறார்கள் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி: வேர்ச்சொல் விரும்பி

உங்கள் நண்பர் சொல்வது மிகப் பழைய தவறு. 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதை மறுத்து எழுதியிருக்கிறார் என்பதுதான் இதில் சுவையான செய்தி.

'சேன்ஜே' என்ற வினை, குரங்கைக் குறிக்கும் 'சேன்ஜ்' என்ற பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லோடு வினை ஈறு சேர்ந்து உண்டானது. அந்தப் பெயர்ச்சொல் 12ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரெஞ்சு எழுத்தில் கிடைக்கிறது. அதற்கு மூலம் இலத்தீனின் 'சிமியுஸ்'. அதைவிடப் பரவலாக வழங்கியது 'சிமியா' என்ற பெண்பால் வடிவம். இந்த இலத்தீன் சொல்லோ, சப்பை மூக்குடைய என்று பொருள்படும் 'சிமோஸ்' என்ற கிரேக்கப் பெயரடையிலிருந்து வந்ததாகவே பெரும்பாலான சொற்பிறப்பியல் அகராதிகள் கொள்கின்றன. பிளேட்டோவின் உரையாடல்களில் சாக்ரடீசின் மூக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் வருவதும் இதே 'சிமோஸ்'தான். ஆகவே இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரு மூக்கின் வடிவம். ஒத்திருத்தல், போலச் செய்தல் என்ற கருத்தெல்லாம் அங்கே சிறிதும் இல்லை.

'சிமிலிஸ்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், உரோமானியர்களே 'சிமியா', 'சிமிலிஸ்' என்ற இரண்டு சொற்களின் ஓசை ஒற்றுமையை வைத்து விளையாடியிருக்கிறார்கள். மிக அருவருப்பான விலங்காகிய குரங்கு நம்மை எவ்வளவு ஒத்திருக்கிறது என்னும் கருத்துடைய பழைய உரோமக் கவிஞர் என்னியுசின் கவிதை அடி ஒன்றை உரோமச் சொற்பொழிவாளர் சிசரோ எடுத்தாள்கிறார். அந்த அடியில் இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அது சொல்லழகுக்காகச் செய்தது. பின்னால் வந்தவர்கள் அதையே சொற்பிறப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். 7ஆம் நூற்றாண்டில் செவிய்யா நகரத்து ஆயராக இருந்த இசிதோர், தம் சொற்பிறப்புத் தொகுதியில், குரங்கின் பெயர் அமுங்கிய மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று கூறிவிட்டு, மனித அறிவோடு உள்ள ஒப்புமையால் அப்பெயர் வந்தது என்று சிலர் நினைப்பது பொய் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். கண்டபடி வேர்ச்சொல் சொல்லும் பழக்கமுடைய இசிதோர் இந்த ஓர் இடத்தில் உறுதியாகச் சரியாக நின்றுவிட்டார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

'சிமியுஸ்' எப்படிச் 'சேன்ஜ்' ஆனது என்பது ஒழுங்கான ஒலி மாற்றம். 'மி' என்ற அசையை அடுத்து மற்றோர் உயிர் வரும்போது, இடையிலுள்ள இகரம் முதலில் யகரமாகக் குறுகி, பிறகு வலுப்பெற்று 'ஜ' போன்ற மெய்யாகிவிடும். முன்னிருந்த மகரம் தேய்ந்து உயிருக்கு மூக்கொலியை மட்டும் விட்டுச் செல்லும். திராட்சை அறுவடையைக் குறிக்கும் இலத்தீன் 'விந்தேமியா' பிரெஞ்சில் 'வாந்தாஞ்ஜ்' ஆனதும் இதே வழியில்தான். கனவைக் குறிக்கும் 'சோம்னியும்' என்ற சொல் 'சோன்ஜ்' ஆனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உண்மையில் 'சிமிலிஸ்' குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சில் வேறு இடத்தில் இருக்கிறார்கள். தோன்றுதல் என்னும் 'சாம்ப்ளே', ஒத்திருத்தல் என்னும் 'ரசாம்ப்ளே', பாசாங்கு செய்தல் என்னும் 'சிமுலே' ஆகியவை அந்த வீட்டைச் சேர்ந்தவை. உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் 'சிமுலே' வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும் என்பதால், இரண்டு குடும்பங்களும் ஒன்று என்று உங்கள் நண்பர் எண்ணியிருக்கலாம்.

மறுமொழி: பிரெஞ்சு மாணவி

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் ஒரு ஐயம் எழுகிறது. சப்பை மூக்கில் தொடங்கிய சொல்லுக்குப் போலச் செய்தல் என்ற பொருள் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது? வினை பிறந்தபோதா, அதற்கு முன்பே பெயர்ச்சொல்லில் இருந்ததா?

மறுமொழி: பழைய ஏடு

பெயர்ச்சொல்லிலேயே இருந்தது, அம்மா. வினை மிகவும் பிந்தியது. 'சேன்ஜே' என்ற வினை 18ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அதாவது குரங்கின் பெயர் பிரெஞ்சில் வழங்கத் தொடங்கி ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்தே அதிலிருந்து வினை பிறந்திருக்கிறது.

குரங்கு கண்டதைச் செய்யும் என்ற நம்பிக்கையோ கிறித்தவ ஊழியின் தொடக்கத்திலேயே ஊன்றிவிட்டது. 1ஆம் நூற்றாண்டில் பிளினி என்ற உரோம எழுத்தாளர் ஒரு வேட்டைக் கதையைக் குறித்து வைத்திருக்கிறார். வேடர்கள் செய்வதைப் பார்த்துக் குரங்குகளும் பறவை பிடிக்கும் பசையைத் தங்கள்மேல் பூசிக்கொண்டு, கண்ணிகளைச் செருப்பைப் போல மாட்டிக்கொண்டு அகப்படும் என்பது அது. அவரே அதைப் பிறர் சொல்லக் கேட்டதாகத்தான் எழுதுகிறார். உரோமானியர்கள் மிகுதியாகக் கண்டிருந்தது வட ஆப்பிரிக்காவின் வாலில்லாத மக்காக்குக் குரங்கு. வால் இல்லாததாலேயே அது மனிதனின் கேலிச்சித்திரம்போல் அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இடைக்காலக் கிறித்தவ எழுத்தில் இந்த நம்பிக்கை மேலும் கடுமையாகி, சாத்தான் 'கடவுளின் குரங்கு' என்று அழைக்கப்பட்டான். கடவுள் செய்வதை அவனும் செய்ய முயல்வான், ஆனால் எல்லாம் கோணலாகவே முடியும் என்பது கருத்து. கலையை 'இயற்கையின் குரங்கு' என்று கூறும் இலத்தீன் தொடரும் இருந்தது. அதைச் சிலர் புகழ்ச்சியாகக்கூட ஆண்டார்கள்.

கவனிக்க வேண்டியது இந்தத் தொடரின் அமைப்புதான். 'இன்னாரின் குரங்கு' என்றால் இன்னாரைப் போலச் செய்பவன் என்று பொருள். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன், 1678இல் வெளிவந்த நீதிக்கதை ஒன்றில், பெண் சிங்கத்தின் இறுதிச் சடங்கைப் பாடும்போது அரசவையினரைப் பச்சோந்திக் கூட்டம் என்றும் 'எசமானின் குரங்குக் கூட்டம்' என்றும் சாடுகிறார். அங்கே வினை இல்லை, ஆனால் வினைக்கு வேண்டிய பொருள் முழுவதும் இருக்கிறது. அரசன் அழுதால் அழுது, சிரித்தால் சிரிக்கும் அவையினரைப் பற்றிய அந்த அடியிலிருந்து உங்கள் மருமகனின் துக்கம் எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பாருங்கள்.

வினை பிறந்த 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் குரங்கு ஓவியங்களுக்குப் பெரும் மோகம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனித உடை அணிந்து, சீட்டாடியும் வேட்டைக்குச் சென்றும் ஒப்பனை செய்துகொண்டும் இருக்கும் குரங்குகளைத் தீட்டும் அந்த வகைக்குச் 'சேன்ஜ்ரி' என்று பெயர். பாரிசுக்கு வடக்கே சாந்தியி கோட்டையில் கிறிஸ்தோஃப் உவே தீட்டியதாகக் கொள்ளப்படும் 'பெரிய சேன்ஜ்ரி' அறை 1737இல் முடிந்தது. இன்றும் சென்று பார்க்கலாம். சார்தேன் 1740 வாக்கில் தூரிகை பிடித்த குரங்கு ஒன்றை வரைந்தார். முன்னோரைப் படியெடுப்பதே கலை என்று நினைக்கும் ஓவியர்களை அது பரிகசிக்கிறது என்று பலர் கொள்கிறார்கள். இதே 'சேன்ஜ்ரி' என்ற சொல் முகக் கோணல், கோமாளித்தனம், போலி நாகரிகம் ஆகியவற்றையும் குறிக்கும்.

ஆனால் 'சேன்ஜ்' வரும் இடமெல்லாம் போலச் செய்தல்தான் என்று எண்ணிவிடக் கூடாது. 'குரங்கு நாணயத்தில் கொடுத்தல்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. கடனை வெற்று வார்த்தையாலோ மதிப்பில்லாத பணத்தாலோ தீர்ப்பதைக் குறிப்பது. பாரிசின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எத்தியேன் புவாலோ 1268 வாக்கில் தொகுத்த தொழில் விதிகளில், 'சிறிய பாலம்' என்ற பாலத்தைக் கடப்பதற்கான சுங்கம் விளக்கப்படுகிறது. விற்பதற்காகக் குரங்கு கொண்டுவரும் வணிகர் 4 தெனியே (அக்காலச் சிறு நாணயம்) கட்ட வேண்டும். வித்தை காட்டுபவரோ சுங்கக்காரர் முன்னால் குரங்கை ஆட வைத்தால் போதும், பாடகர் பாட்டில் ஓர் அடி பாடினால் போதும். அந்தத் தொடரின் பிறப்பை இங்கேதான் காட்டுவது வழக்கம். தொழிலாளர் கொச்சையில் முதலாளிக்கும், படைவீரர் கொச்சையில் தகர டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சிக்கும் 'சேன்ஜ்' என்றே பெயர் இருந்தது. இவை வேறு கிளைகள்.

இன்னும் ஒன்று. வரைபடத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ படியெடுக்கும் பான்டோகிராஃப் என்ற கருவியையும் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் 'சேன்ஜ்' என்று வழங்கினார்கள். எனக்குத் தெரிந்தவரை, போலச் செய்வதற்காகக் குரங்கின் பெயர் பெற்றும் திட்டு வாங்காதது அந்தக் கருவி ஒன்றுதான்.

மறுமொழி: புதுவை மொழிபெயர்ப்பாளர்

வேரைப் பற்றி மேலே உள்ளவர்கள் நிறைவாகவே சொல்லிவிட்டதால், சொல்லை ஆளும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த வினையின் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் செயப்படுபொருள்தான். உங்கள் மூன்று வாக்கியங்களும் அதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

செயப்படுபொருள் ஒரு தனி மனிதராகவோ அவருடைய நடை, குரல், முகபாவம் ஆகியவையாகவோ இருந்து, பார்த்துச் சிரிக்க ஆளும் இருந்தால், பொருள் ஏளனம். ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் சிறுவன் செய்வது அதுதான். தமிழில் 'பழிப்புக் காட்டினான்' என்றோ 'அவரைப் போலவே நடந்து காட்டிக் கேலி செய்தான்' என்றோ எழுதலாம். 'அழகு காட்டினான்' என்பது முகத்தைக் கோணிக் காட்டுவதற்கே பொருந்தும் என்பதால் நடைக்கு அதை ஆள வேண்டாம்.

செயப்படுபொருள் தன்னைவிட உயர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கூட்டமாகவோ அதன் வழக்கங்களாகவோ இருந்தால், பொருள் மாறிவிடுகிறது. இங்கே செய்பவருக்குக் கேலி செய்யும் நோக்கம் இல்லை. அவர் மனமாரவே அப்படி ஆக விரும்புகிறார். ஏளனம் கதைசொல்லியிடம் இருக்கிறது. கடைக்காரரின் மனைவி யாரையும் கிண்டல் செய்யவில்லை. இந்த வினையை ஆண்டதன் மூலம் ஆசிரியர்தான் அவளைக் கிண்டல் செய்கிறார். மூதுரையில் 'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி, தானும் அதுவாகப் பாவித்து' என்று வருவது அச்சு அசலாக இந்தப் பொருள்தான். ஆகவே வெறுமனே 'பின்பற்றினாள்' என்று எழுதினால் ஆசிரியரின் குரல் முழுவதும் போய்விடும். 'பெரிய இடத்துப் பெண்களைப் போலப் பேசவும் உடுத்தவும் பார்த்தாள்' என்ற அளவிலாவது அந்தப் பொருந்தாமையைத் தொட வேண்டும்.

செயப்படுபொருள் ஓர் உணர்ச்சியாகவோ பண்பாகவோ இருந்தால், பொருள் பாசாங்கு. துக்கம், பக்தி, சினம் என எதையும் இவ்வாறு 'சேன்ஜே' செய்யலாம். ஆனால் 'சிமுலே' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது வெற்றிகரமான நடிப்பாகவும் இருக்கலாம். நோயாளிபோல் நடித்து மருத்துவரையே ஏமாற்றுபவரைக் குறிக்க அதுதான் சரி. 'சேன்ஜே' என்று ஆசிரியர் எழுதினால், அந்த நடிப்பு மிகையாக இருப்பதும் பார்ப்பவர்களுக்குப் புலப்படுவதும் குறிப்பாக உணர்த்தப்படுகிறது.

'இமிதே' இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கும் பொதுச்சொல். பறவையின் குரலை, தந்தையின் கையொப்பத்தை, புனிதர் ஒருவரின் வாழ்க்கையை 'இமிதே' செய்யலாம். பழங்காலக் கிரேக்க, உரோம ஆசிரியர்களை 'இமிதே' செய்வதே எழுத்தாளரின் கடமை என்று 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இலக்கியம் கருதியது. அங்கே 'சேன்ஜே' என்று ஒருவர் எழுதினால் சண்டைக்கு வருகிறார் என்று பொருள். பேச்சில்லாமல் சைகையால் காட்டுவதற்கு 'மிமே' உண்டு; அதில் ஏளனம் இல்லை. ஓர் எழுத்தாளரின் நடையை வேண்டுமென்றே கலையாகச் செய்து காட்டுவதற்குப் 'பஸ்தீஷே' என்பார்கள். புரூஸ்து 1908இல் பால்சாக், ஃப்ளோபேர் முதலானோரின் நடையில் எழுதி ஃபிகாரோ நாளிதழில் வெளியிட்டவற்றைப் 'பஸ்தீஷ்' என்றே குறிப்பிடுகிறார்கள். போலி நாணயம் அடிப்பதற்குக் 'கோந்த்ரஃபேர்' என்ற வினை வேண்டும். 'சேன்ஜே' அங்கே நுழையவே முடியாது. ஏனென்றால் 'சேன்ஜே' செய்யப்பட்டது எதுவும் அசலாக ஏமாற்றி நிற்பதில்லை.

எழுத்தில் ஒரு சிறு குறிப்பு: 'நாம்' என்ற தன்மைப் பன்மையில் ஜி என்ற எழுத்துக்குப் பிறகு ஓர் இ சேர்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் ஓ என்ற எழுத்தால் அது ககரமாக ஒலித்துவிடும். மாணவர்கள் தேர்வில் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

மறுமொழி: ஆய்வுக்கூடம்

குரங்குகளின் சார்பில் ஒரு வார்த்தை. விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ ஒயிட்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறையைச் சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் செய்து காட்டினார்கள். அந்த முறையில் தேவையற்ற செயல்களும் கலந்திருந்தன. உள்ளே நடப்பது தெரியும் கண்ணாடிபோன்ற பெட்டியைக் கொடுத்தபோது, சிம்பன்சிகள் தேவையற்ற செயல்களை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. குழந்தைகளோ காட்டியதை அப்படியே திரும்பச் செய்தார்கள். பிரெஞ்சின் 'சேன்ஜ்' சிம்பன்சியையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகையால், இந்த முடிவு உங்கள் வினைச்சொல்லுக்கு நேரடியாகவே எதிராக நிற்கிறது.

இந்தப் பழியைப் போட்டது பிரெஞ்சு மட்டும் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலியரின் 'ஷிம்மியொத்தாரே', ஜெர்மானியரின் 'நாஹெஃபென்', ஆங்கிலத்தில் வாலில்லாக் குரங்கின் பெயரையே வினையாக்கிய 'ஏப்' ஆகிய மூன்றும் குரங்கிலிருந்து பிறந்து அதே இகழ்ச்சியைச் சுமப்பவை.

மறுமொழி: புதுவை மொழிபெயர்ப்பாளர்

ஒரு எச்சரிக்கையை எழுத மறந்தேன். கறுப்பின மக்களைக் குரங்கோடு ஒப்பிடும் இனவெறி வசை பிரான்சில் இன்றும் நீதிமன்றம்வரை போகும் செய்தி. எனவே ஆப்பிரிக்கரோ ஆசியரோ ஐரோப்பியரைச் 'சேன்ஜே' செய்வதாகக் காலனிய கால எழுத்தில் வரும்போது, அதை இரண்டாவது பொருளின் சாதாரண ஏளனமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. மொழிபெயர்ப்பில் அதை மென்மையாக்கி மறைப்பதும் சரியில்லை. நான் அத்தகைய இடங்களில் 'குரங்கு' என்ற சொல்லைத் தமிழிலும் வெளிப்படையாக வைத்துவிடுவேன்.

மறுமொழி: பிரெஞ்சு மாணவி

அனைவருக்கும் நன்றி. முதல் இரண்டு வாக்கியங்களும் இப்போது பிடிபட்டுவிட்டன. மூன்றாவதற்கு 'நீலிக் கண்ணீர் வடித்தான்' என்று எழுத எண்ணினேன். ஆனால் கதையில் அவன் கண்ணீரே விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஈரமில்லாத கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கிறான். ஆகவே மூதுரையின் சொல்லையே எடுத்துத் 'துக்கத்தைப் பாவித்தான்' என்று வைக்கலாமா?

மறுமொழி: யாழ் வாசகர்

எங்கள் பக்கத்தில் 'பாவித்தல்' என்றால் பயன்படுத்துதல் என்றே பொருள். சவர்க்காரம் பாவிப்போம், தொலைபேசி பாவிப்போம். 'துக்கத்தைப் பாவித்தான்' என்று எழுதினால், மாமனாரின் சாவைத் தன் நன்மைக்குப் பயன்படுத்திக்கொண்டான் என்றே இலங்கை வாசகர் படிப்பார். கதைக்கு அதுவும் பொருந்திவிடுவதால் பிழை என்று ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், ஆனால் ஆசிரியர் சொன்னது அதுவன்று. 'துக்கப்படுகிறவன்போல் நடித்தான்' என்று எழுதி, நடிப்பு எல்லோருக்கும் தெரிந்தது என்பதை அந்தக் கைக்குட்டையிடம் விட்டுவிடுங்கள், தங்கச்சி.